ஸ்காட்லாந்தின் பழைய புகைப்படங்கள்: பதிந்தது எது, பதியாமல் போனது எது?

முதுகில் கூடை சுமந்த மீன்காரப் பெண்கள், ஆளே இல்லாத கிளாஸ்கோ சந்துகள், கல்வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும் தாடிக்காரத் தீவுவாசிகள். ஸ்காட்லாந்தின் பழைய படங்கள் என்றால் பெரும்பாலும் இவைதான் கண்ணில் படும். பார்த்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அந்தக் கால வாழ்க்கை அப்படியே இருக்கிறது பாருங்கள்." கூடவே இரண்டு ஒட்டுக் கருத்துகள் வரும். அந்தக் காலத்தில் தெருக்கள் அமைதியாக இருந்தன. அந்தக் காலத்து மனிதர்கள் சிரிக்கவே மாட்டார்கள்.

மூன்றும் சரியில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையை அவர்களுடைய கல்யாண ஆல்பத்தை மட்டும் வைத்து ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். அந்த வீட்டுப் பெண்கள் தினமும் பட்டுப்புடவை கட்டுவார்கள், ஆண்கள் வேலைக்கே போவதில்லை, யாரும் அடுப்பு மூட்டுவதில்லை என்றுதான் அவர் எழுத வேண்டியிருக்கும். ஆல்பத்தில் ஒரு படம்கூடப் பொய் கிடையாது. ஆனால் எதைப் படம் பிடிக்க முடிந்தது, யார் காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிறகு எது பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டது என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்த ஆல்பத்தை உண்டாக்கியிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் பழைய படங்களுக்கும் இதே மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம்.

## வெள்ளி, வெயில், பொறுமை

முதலில் படம் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். வெள்ளியின் சில உப்புகளுக்கு ஒரு குணம் உண்டு: வெளிச்சம் பட்டால் மாறும். அந்த உப்பைத் தாளில் தடவி, கேமராவுக்குள் வைத்து, லென்ஸின் மூடியைத் திறந்தால் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் மாற்றம் நடக்கும். கண்ணுக்கு உடனே ஒன்றும் தெரியாது. மருந்துக் கரைசல் பட்ட பிறகுதான் உருவம் மேலே வரும். வெளிச்சம் அதிகம் பட்ட இடம் கருத்தும், படாத இடம் வெளுத்தும் வரும் இந்தத் தலைகீழ்ப் படத்துக்கு நெகட்டிவ் என்று பெயர். அதை இன்னொரு மருந்துத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் வெளுப்பும் கருப்பும் இடம் மாறி, நாம் பார்க்கும் படம் கிடைக்கும். ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

தாளில் செய்த இந்த முறைக்கு கேலோடைப் என்று பெயர். கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1841இல் காப்புரிமையும் வாங்கிக்கொண்டார். அந்தக் காப்புரிமை ஸ்காட்லாந்துக்குச் செல்லாது! இங்கிலாந்தில் கட்டணம் கட்டித்தான் செய்ய வேண்டிய வேலையை ஸ்காட்லாந்தில் யாரும் சும்மாவே செய்து பார்க்கலாம். புகைப்படக் கலையின் முதல் பத்து ஆண்டுகளிலேயே ஸ்காட்லாந்து முன்னே நின்றதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மூடி திறந்திருக்கும் நேரத்துக்கு எக்ஸ்போஷர் என்று பெயர். இன்று கைப்பேசியில் விநாடியின் நூறில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. கேலோடைப்பில் நல்ல வெயிலிலும் பல விநாடிகள் ஆகும். சில சமயம் ஒரு நிமிடத்தைத் தாண்டும். அத்தனை நேரமும் எதிரில் இருப்பவர் அசையக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் படங்களின் புதிர் அவிழ்ந்துவிடும்.

## நியூஹேவன் மீனவர்கள் ஏன் கடலில் இல்லை?

எடின்பரோவை ஒட்டி, ஃபோர்த் கழிமுகத்தின் கரையில் நியூஹேவன் என்ற மீனவர் குடியிருப்பு. 1840களில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். உலகில் ஓர் உழைக்கும் சமூகத்தைத் தொடர்ந்து படம் பிடித்த முதல் முயற்சிகளில் இது ஒன்று.

இருவரையும் சேர்த்து வைத்தது ஒரு திருச்சபைச் சண்டை. 1843 மே 18 அன்று ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்து, நூற்றுக்கணக்கான போதகர்கள் வெளியேறினார்கள். அந்தக் காட்சியை ஒரே பெரிய ஓவியமாகத் தீட்ட ஹில் ஆசைப்பட்டார். அத்தனை முகங்களையும் உட்கார வைத்து வரைய முடியுமா? புகைப்படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு வழி சொன்னவர் டேவிட் புரூஸ்டர் என்ற விஞ்ஞானி. அப்படித்தான் ஆடம்சனின் ஸ்டுடியோவுக்கு ஹில் போனார். ஓவியம் முடிய 1866 ஆகிவிட்டது. அதற்குள் வேறொன்று நடந்திருந்தது: இருவருமாகச் சேர்ந்து சுமார் 3,000 படங்களை எடுத்து முடித்திருந்தார்கள். ஆடம்சன் 1848இல், 26 வயதில் இறந்துபோனார்.

நியூஹேவன் படங்களைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஆண்கள் கரையேற்றிய படகில் சாய்ந்திருக்கிறார்கள். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, கூட்டமாக நெருங்கி நிற்கிறார்கள். ஒரு சிறுவன், அப்பாவுடையதோ என்று தோன்றும் அளவுக்குப் பெரிய கால்சட்டை போட்டு நிற்கிறான். படத்தின் பெயரும் 'அப்பாவின் கால்சட்டை' என்ற பொருளில்தான் வழங்குகிறது. அலையில் ஆடும் படகோ, வலை இழுக்கும் கையோ, மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு எடின்பரோவின் மேட்டுத் தெருக்களில் கூவி விற்றுக்கொண்டு ஏறும் பெண்ணோ எங்கும் இல்லை. அவர்களுடைய வாழ்க்கையில் பெரும்பகுதி அதுதான். ஆனால் அசைவது எதுவும் அந்தத் தாளில் நிற்காது.

சாய்தலும் கை போட்டுக்கொள்வதும்கூட வெறும் அழகுக்காக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிலாவது சாய்ந்தால், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டால் உடம்பு ஆடாது. ஹில் ஓவியர் என்பதால் அந்தக் கட்டாயத்தையே அழகாக மாற்றிவிட்டார். இதைப் பார்த்து "நியூஹேவன் பெண்கள் எவ்வளவு அன்னியோன்னியம்!" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அன்னியோன்னியம் இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு இந்தப் படம் சாட்சி ஆகாது.

வீட்டுக்குள் நடப்பதும் கிடையாது. அன்றைய மருந்துத் தாளுக்கு வீட்டு வெளிச்சம் போதாது. இதே இருவர் எடுத்த வேறு சில படங்கள் வீட்டுக்குள் எடுத்தவை போலத் தெரியும். உண்மையில் அவை எடின்பரோவின் கால்டன் ஹில் மேல் இருந்த ஸ்டுடியோவின் தோட்டத்தில், வெயிலில் நாற்காலி மேசையைப் போட்டு, திரைச்சீலை தொங்கவிட்டு எடுத்தவை.

## காலித் தெருவும் சிரிக்காத முகமும்

கேலோடைப்புக்குப் பிறகு 1851இல் கொலோடியன் முறை வந்தது. தாளுக்குப் பதில் கண்ணாடித் தகடு; அதன் மேல் பசை போன்ற ஒரு கரைசலைப் பூசி, வெள்ளிக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். சில நிமிடங்கள்தான் அவகாசம். தெருவில் படம் எடுக்கப் போனால் இருட்டறையையும் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். துல்லியம் கூடியது, எக்ஸ்போஷரும் குறைந்தது. ஆனாலும் வெளிச்சம் குறைந்த இடத்தில் விநாடிகள் நீண்டன.

இப்போது ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். மூடி பத்து விநாடி திறந்திருக்கிறது. சுவர் பத்து விநாடியும் அங்கேயே நிற்கிறது. குறுக்கே நடந்தவர் எந்த ஓர் இடத்திலும் ஒரு விநாடிகூட இல்லை. அவர் மேல் பட்ட வெளிச்சம் தகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிடும். அவர் மறைத்த சுவர், அவர் நகர்ந்ததும் மீண்டும் தன் வெளிச்சத்தை அனுப்பும். முடிவில் சுவர் பதியும், மனிதர் காணாமல் போவார். மெதுவாக நகர்ந்தவர் புகை போல ஒரு கறையாக இருப்பார். ஆவி பிடித்த படம் என்று பரப்பப்படுபவற்றில் பலவும் இப்படி அசைந்த மனிதர்கள்தாம்.

சிரிப்பும் இப்படித்தான். போஸ் கொடுத்தபடி சிரிப்பைப் பிடித்து வைத்திருப்பது கஷ்டம். அதோடு படம் எடுத்துக்கொள்வது அன்று கௌரவமான காரியம், பல்லைக் காட்டுவது வழக்கமில்லை. வேகமான உலர்தகடுகளும், 1888க்குப் பிறகு கையில் தூக்கிப் பிடிக்கும் கேமராக்களும் வந்ததும் பாருங்கள்: ஹெர்ரிங் மீனைக் கீறி உப்பிடும் பெண்கள் துறைமுகத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். மூன்று பேர் ஒரு குழு. இருவர் குடலெடுப்பார்கள், ஒருவர் பீப்பாயில் அடுக்குவார். கத்தியும் உப்பும் விரலைத் தின்னாமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணிக்கிழிசல் சுற்றியிருக்கும். இத்தனை கடுமையான வேலையில் இருந்த பெண்கள் சிரிக்கிறார்கள், ஸ்டுடியோவில் வசதியாக உட்கார்ந்த கனவான் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைய தாள்களும் தகடுகளும் நீல வெளிச்சத்தை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்கு இருட்டு. அதனால்தான் வானம் வெறும் வெள்ளையாக, மேகமில்லாமல் இருக்கிறது; நீலக் கண்கள் வெளிறித் தெரிகின்றன; வெயிலில் சிவந்த மீனவர் முகம் இருக்க வேண்டியதைவிடக் கருத்துத் தெரிகிறது. நியூஹேவன் பெண்களின் கோடு போட்ட பாவாடையில் இருந்தது சிவப்புக் கோடானாலும் கறுப்புக் கோடானாலும் அந்தத் தாளுக்கு ஒன்றுதான். இன்று கணினியில் நிறமேற்றிப் பகிரப்படும் படங்களில் அந்தப் பாவாடைக்கு ஏதோ ஒரு நிறம் இருக்கும். அது முழுக்க ஊகம். நிறமேற்றிய படத்தை ஆவணமாகக் காட்டுபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இதுவரை பார்த்தது: அசையாததும், வெயிலில் இருந்ததும், நீலம் கலந்ததும் நன்றாகப் பதிந்தன. வேலை, இருட்டு, நடமாட்டம் மூன்றும் தப்பித்துவிட்டன. இது யாருடைய சூழ்ச்சியும் அல்ல, வெள்ளி உப்பின் குணம்.

## காசு யாருடையது?

அடுத்த கேள்விக்கு வேதியியல் உதவாது. கண்ணாடித் தகடு, மருந்து, பயணம் எல்லாம் செலவு. யாரோ ஒருவர் ஏதோ ஒன்றுக்காக அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

கிளாஸ்கோவின் பழைய சந்துகளைத் தாமஸ் அன்னன் 1868க்கும் 1871க்கும் இடையில் எடுத்தார். சேரிகளின் அவலத்தை உலகுக்குக் காட்ட எடுத்தவை என்று பலர் இவற்றை அறிமுகப்படுத்துகிறார்கள். எடுக்கச் சொன்னது நகர மேம்பாட்டு அறக்கட்டளை. 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்தப் பகுதிகளை இடிக்க அதிகாரம் பெற்றிருந்த அமைப்பு. இடிக்கப்போகும் கட்டடங்களுக்கு ஒரு பதிவு வேண்டியிருந்தது. ஆகவே அன்னனின் கேமரா கட்டடத்தையே பார்க்கிறது: இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவே ஓடும் சாக்கடை, மேலே கொம்பில் காயும் துணி, தூரத்தில் ஒரு கீற்று வெளிச்சம். படங்களின் தலைப்பும் பெரும்பாலும் கதவு எண்ணும் தெருப் பெயரும்தான். வாசலில் நிற்பவர்கள் பாதி கலங்கலாக, கேமராவை வெறித்தபடி இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அந்தச் சுவர்களுக்குப் பின்னால் நடந்ததை வேறு ஆவணங்களிலிருந்துதான் அறிய வேண்டும். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, சின்ன வீடுகளின் கதவில் உள்ளே எத்தனை பேர் தங்கலாம் என்று ஒரு தகரச் சீட்டு அடித்தார்கள். நள்ளிரவில் அதிகாரிகள் வந்து தலையை எண்ணினார்கள். இந்த நெரிசல்தான் இடிப்புக்கே காரணம். ஆனால் நள்ளிரவும் சின்ன அறையும் அன்னனின் தகட்டுக்கு எட்டாதவை. இடிப்பின் காரணம் படத்தில் இல்லை, இடிபடப்போகும் சுவர் இருக்கிறது.

இன்னொரு பக்கம் சுற்றுலா வியாபாரம். அபர்டீனில் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன், டண்டீயில் ஜேம்ஸ் வேலன்டைன் ஆகிய இருவரின் நிறுவனங்கள் நாடு முழுக்க ஆள் அனுப்பிப் படம் எடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப் பொருளாகவும் பிறகு அஞ்சலட்டையாகவும் விற்றன. வில்சன் நிறுவனத்தின் 35,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் இன்று அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வேலன்டைனின் சேகரிப்பு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில். ஒரு லட்சத்துக்கும் மேல். நாம் 'பழைய ஸ்காட்லாந்து' என்று நினைப்பதில் பெரும்பங்கை இந்த இரண்டு கடைகள்தான் விற்றன. வாங்குபவருக்கு என்ன பிடிக்கும் என்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கொல்லை, குடிசை, கூடை சுமக்கும் பெண் என்றால் விற்கும்; தொழிற்சாலைப் பெண் எளிதில் விற்க மாட்டாள்.

ஷெட்லாந்துத் தீவுகளின் அஞ்சலட்டைகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும்: முதுகில் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிய எரிபொருள் கட்டிகள் நிரம்பிய கூடை, இரண்டு கையிலும் பின்னல் ஊசி. இது நாடகமா என்று கேட்கத் தோன்றும். நாடகம் இல்லை. பெண்கள் உண்மையிலேயே நடந்தபடி பின்னினார்கள். இடுப்பைப் பாருங்கள்: துளையிட்ட தோல்பட்டை ஒன்று தெரியும். ஊசியின் ஒரு முனையை அதில் செருகிக்கொண்டால் ஒரு கைக்கு ஓய்வு, நடக்கும்போதும் பின்னல் குலையாது. நின்று போஸ் கொடுத்தது கேமராவுக்காக, பின்னியது பிழைப்புக்காக.

அந்தப் பிழைப்பு எப்படி என்பது மட்டும் அட்டையில் இல்லை. பின்னியதற்குக் காசு கிடையாது. வியாபாரி தன் கடையிலிருந்து தேயிலையோ துணியோ கொடுப்பார். உணவுக்கு மாவு வேண்டுமென்றால் அந்தத் தேயிலையைக் கொண்டுபோய் வேறொருவரிடம் மாற்ற வேண்டியிருக்கும். இந்த முறையை விசாரிக்க அரசு 1870களின் தொடக்கத்தில் ஆணையமே அமைத்தது. பின்னும் பெண்கள் அதன் முன் சாட்சி சொன்னார்கள். அஞ்சலட்டையையும் அந்தச் சாட்சியத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அவளுடைய ஒரு நாள் நமக்குக் கிடைக்கும்.

செயின்ட் கில்டா என்ற தொலைதூரத் தீவில் கதை இன்னும் சுவாரசியம். 1870களிலிருந்து நீராவிக் கப்பலில் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கினார்கள். தீவு ஆண்கள் தினமும் காலையில் தெருவில் கூடி அன்றைய வேலையைப் பேசி முடிவெடுப்பது வழக்கம். வெளியார் அதற்குப் 'பாராளுமன்றம்' என்று பெயர் வைத்து, வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். சில காலம் போனதும் தீவுக்காரர்கள் விவரம் ஆனார்கள். கம்பளித் துணியும் முட்டையும் விற்றது போக, படத்துக்கு நிற்பதற்கும் காசு கேட்டார்கள். பயணிகள் சிலர் இதைக் கண்டு, "நாகரிகம் தீண்டாத மக்களை" இப்படிப் பணம் கெடுத்துவிட்டதே என்று வருந்தினார்கள்! எனக்கு அதில் வருத்தமே இல்லை. படத்தை விற்றுச் சம்பாதிப்பவர், படத்தில் நிற்பவருக்குக் கொடுத்தால் என்ன? 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் தீவை விட்டு வெளியேறினார்கள்.

சுருக்கமாக: இடிப்பவர் எடுத்தால் சுவர், விற்பவர் எடுத்தால் கூடைக்காரி. படத்தில் இருப்பவரே காசு கொடுத்த இடமும் உண்டு. வடக்கே விக் என்ற ஹெர்ரிங் துறைமுகத்தில் ஜான்ஸ்டன் குடும்பம் 1863லிருந்து 1975 வரை மூன்று தலைமுறையாக ஸ்டுடியோ நடத்தியது. அங்கே ஊர்க்காரர்கள் தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று தாங்களே முடிவு செய்தார்கள். துறைமுகக் காட்சிகள் தவிர, ஞாயிற்றுக்கிழமை உடுப்பும், புதுக் கடையின் வாசலும், குழந்தையும்தான் அதிகம். கல்யாண ஆல்பம்தான் மறுபடியும்.

## கூடவே தங்கிய கேமரா

விதிவிலக்குகள் உண்டு. மார்கரெட் ஃபே ஷா என்ற அமெரிக்கப் பெண், கேலிக் மொழி நாட்டுப்பாடல்களைத் தேடி வந்து, 1929லிருந்து 1935 வரை சவுத் யூயிஸ்ட் தீவில் இரண்டு சகோதரிகளின் வீட்டில் தங்கினார். பாட்டை எழுதிக்கொண்டார், அவர்களோடு வேலை செய்தார், படமும் எடுத்தார். மாடு கறப்பதும், ஆட்டு மயிர் கத்தரிப்பதும், உருளைக்கிழங்கு நடுவதும் அந்தப் படங்களில் வேலை நடக்கும்போதே பிடிபட்டிருக்கின்றன. அதற்குள் கேமராவும் வேகமாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் அதே வேகமான கேமராவோடு ஒரு பிற்பகல் வந்துபோனவர்கள் பழைய கூடைக்காரியையே மறுபடி எடுத்துப் போனார்கள். ஷாவின் பாட்டுகளும் படங்களும் கன்னா தீவுச் சேகரிப்பில் ஒன்றாக இருக்கின்றன. ஒருவர் முகமும் அவர் பாடிய பாட்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் சேகரிப்பு அபூர்வம்.

## பெயரை யார் சொல்வது?

கடைசிக் கேள்வி, எடுத்த பிறகு நடப்பது பற்றி. ஜான்ஸ்டன் குடும்பம் எடுத்த தகடுகள் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும். தங்கியவை அதில் ஏறக்குறைய பாதிதான். எல்லா ஊரிலும் இதே கதை. கண்ணாடி உடையும், ஈரம் தின்னும், கடை மூடும்போது குப்பைக்குப் போகும்.

ஆனால் பத்திரமாக இருக்கும் தகடும் விவரம் இல்லாவிட்டால் பாதி ஊமை. படத்தோடு சேர்த்து எழுதி வைக்கும் இடம், ஆண்டு, ஆள், செய்தி ஆகியவற்றை விவரக் குறிப்பு என்பார்கள். அது இல்லாத மீனவர் படம் எந்த ஊர் மீனவர் படமாகவும் ஆகிவிடும். இணையத்தில் ஊர் மாறிச் சுற்றும் படங்கள் பலவும் குறிப்பைத் தொலைத்தவை.

லூயிஸ் தீவின் வடகோடியில் உள்ள நெஸ் பகுதிக்காரர்கள் 1977இல் தங்களுக்கென்று ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கினார்கள். மேற்குத் தீவுகளில் இப்படிப்பட்டவற்றில் அது முதலாவது. வீட்டுப் பெட்டிகளில் கிடந்த படங்களைத் திரட்டி, வயதானவர்களிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதினார்கள். பெயர் மட்டும் எழுதினால் போதாது. மர்டோ மெக்லியோட் என்ற பெயரில் அங்கே பலர் இருப்பார்கள். அப்பன் பெயர், பாட்டன் பெயர், பட்டப்பெயர், எந்தக் கிராமத்தில் எத்தனையாவது எண் நிலம் என்பதுவரை சொன்னால்தான் ஆள் பிடிபடும். அதை ஊர்க்காரர் மட்டுமே சொல்ல முடியும்.

1977இல் 80 வயதானவர் 1897இல் பிறந்தவர். 1905இல் எடுத்த ஒரு கூட்டப் படத்தில் இருக்கும் பெரியவர்களை அவர் எட்டு வயதுச் சிறுவனாகப் பார்த்திருப்பார். 1935இல் எடுத்த படத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால், அதே வயதில் பார்த்தவர் 1927இல் பிறந்தவர்; இப்போது அவருக்கு வயது நூறை ஒட்டியிருக்கும். அந்தத் தீவுகளின் சங்கங்களில் ஸ்கேனர் வேலையைவிடப் பெயர் கேட்கும் வேலை முதலில் நடப்பது இதனால்தான். தகட்டை அடுத்த ஆண்டும் ஸ்கேன் செய்துகொள்ளலாம்.